கிடுகு மூடிய சோலர்

ஒட்டுசுட்டான் பக்கம் மண்ணெண்ணெயைத் தைலம் மாதிரிச் சொட்டுச் சொட்டாக விற்ற காலம். பிள்ளைப்பேறுகூடக் குப்பி விளக்கில்தான். பிரதேச சபைச் செயலாளர் கனகலிங்கம் எங்கெங்கோ அலைந்து ஒரு சோலர் பலகையும் பற்றரியும் எடுப்பித்து, பிரசவ விடுதிக் கூரையில் பூட்டுவித்தார். அதைப் பார்க்கிற வேலை சபையின் கூலியாள் வடிவம்மாவுக்கு.

"காலமையில துடைக்கோணும். கிபிர் பிளேன் இரைஞ்சா தென்னங்கிடுகால மூடோணும், மேலயிருந்து பாக்கக் கண்ணாடி மின்னும். சத்தம் போனவுடன கிடுகை எடுத்துப்போடோணும், இல்லாட்டிப் பற்றரி ஏறாது. விளங்குதே?"

"என்ர மூஞ்சியைவிட இதைத்தான் ஐயா கூடத் துடைப்பன்."

சொன்னபடியே செய்தாள், மகள் சிவரூபி வலியோடு அங்கே வந்து படுக்கும் வரைக்கும்.

அன்று காலையில் குண்டு போடுகிற கிபிர் வந்து சுற்றியது. வடிவம்மா ஏணியில் ஏறி மூடினாள். இரைச்சல் புதுக்குடியிருப்புப் பக்கம் போய் அடங்கியது. எடுக்கலாமென்று கிடுகில் கை வைத்தபோது கீழே சிவரூபி முனகினாள். பலகைக்கு நேர் கீழேதான் பிள்ளை கிடக்கிறாள். கிபிர்காரன் திரும்பி வந்தானென்றால்? இந்த மினுக்கம் அவன் கண்ணில் பட்டால்? வடிவம்மாவுக்குக் கை எழவில்லை.

"இண்டைக்கு ஒருநாள்தானே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

முதல்நாள் இரவும் ஒரு பேறு நடந்திருந்தது. பற்றரியில் மிச்சம் கொஞ்சம்தான்.

பொழுதுபட்டு இருட்டுகிற நேரம் பெண் குழந்தை பிறந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. மருத்துவமாது அருந்ததி மிஸ்ஸி ஊசியும் நூலுமாகக் குனிந்தபோது லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, நின்றது.

"வெளிச்சம் கொண்டுவாங்கோ! கிழிஞ்ச இடம் எனக்குத் தெரியேல்ல!"

குப்பி விளக்கைத் தேடிப் பிடித்துக் கொளுத்திக்கொண்டு வடிவம்மா ஓடிவந்தாள். அதன் வெளிச்சத்தில் மிஸ்ஸியின் கையே சரியாகத் தெரியவில்லை. விடிய முன்னம் சிவரூபி போய்விட்டாள்.

செத்தவீட்டில் மருமகன் கிருபன் கேட்டான்: "மிஸ்ஸி, எத்தினை பேருக்கு எரிஞ்ச லைட்? என்ர மனுசிக்கு மட்டும் ஏன் நிண்டது?"

விடிந்ததும் பலகையை மூடியபடியே கிடந்த கிடுகை மிஸ்ஸி பார்த்திருந்தாள். அவளேதான் அதை இழுத்துக் கீழே போட்டவள்.

"நேற்று மப்பு வெயில், தம்பி. பற்றரி ஏறேல்லை."

வடிவம்மா அண்ணாந்து பார்த்தாள். நேற்றைப் போலவே ஒரு பொட்டு முகில் இல்லை. கண் கூசியது.

"இல்லை மிஸ்ஸி, நான்..."

"பிள்ளை அழுகுதெல்லே," என்று சொல்லி அருந்ததி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். "பிடியுங்கோ அம்மா."

வடிவம்மா சேலைத் தலைப்பை இழுத்து, குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் மூடப் போனாள். பாதியில் கை நின்றுவிட்டது.