தேங்க்ஸ் அங்கிள்

...கேட்கத்தான் போகிறேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது, அதில் என் பெயர், அசடு வழியும் அந்த போட்டோகூட என்னுடையதுதான், பாஸ்போர்ட் மட்டும் செல்வராஜ் அங்கிளின் டிராயரில். டெக்சஸ் இர்விங்கில் வந்திறங்கிய அன்று, என்னை வேலைக்கு எடுத்த கன்சல்டன்சியின் முதலாளியான அவரே ஏர்போர்ட்டுக்கு வந்து, வீட்டில் சுடச்சுட ரசம் சாதம் போட்டு, புது ரைஸ் குக்கரும் கையில் கொடுத்து, "பாஸ்போர்ட் என்கிட்டயே இருக்கட்டும்மா, பத்திரமா இருக்கும்" என்றார், நம்ம ஈரோட்டுக்காரர் என்று நானும் நீட்டிவிட்டேன்... ஒரு வெள்ளைக்காரன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? இப்போது வேறு கம்பெனி கூப்பிடுகிறது, விசா மாற்ற அது வேண்டும், போனில் கேட்டால் "பார்க்கலாம்மா", அவ்வளவுதான்.

சிக்னலில் சிவப்பு, பக்கத்துப் பார்க்கில் பார்பிக்யூ புகை, இன்று ஜூன்டீன்த், அடிமை விடுதலை நாள் அல்லவா, ஆபீசில் என் பக்கத்து சீட் டெனிஸும் இப்படி ஒரு புகை நடுவில்தான் இருப்பாள். நேற்று சாப்பிடும்போது சொன்னாள், அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்து இரண்டரை வருஷம் கழித்துத்தான் டெக்சஸில் வந்து அதை வாசித்தார்களாம், அதுவரை முதலாளிகள் வாயே திறக்கவில்லை, பருத்தி எடுக்க ஆள் வேண்டுமே. ஆனால் லூசியானாவில் இருந்த அவள் கொள்ளுப்பாட்டியின் அம்மா யாருக்காகவும் காத்திருக்கவில்லை, உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவம் பக்கத்தில் முகாம் போட்டது தெரிந்ததும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சதுப்புக் காட்டு வழியாக நடந்தே போய்விட்டாள், அப்படி ஆயிரக்கணக்கில் போனார்கள், கொடுத்து வாங்கியதல்ல, நடந்து வாங்கியது என்பது டெனிஸின் கட்சி. முதலாளியிடம் சொல்லிவிட்டா போனாள் என்று கேட்டேன், என்ன கேள்வி! டெனிஸ் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தக் கொடுமையும் என் டிராயர் விவகாரமும் ஒன்றா, ஏசி காரில் உட்கார்ந்து அப்படி நினைக்கவே கூச்சமாக இருக்கிறது, சவுக்கு எங்கே, ரைஸ் குக்கர் எங்கே... ஆனாலும் அந்த நடை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் முகாம் வரை போக வேண்டியிருந்தது, எனக்கு இதோ அடுத்த தெரு.

"வாம்மா ப்ரியா, காபி சாப்பிடறியா?" வாசலிலேயே நின்றேன், உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் தொலைந்தேன். "வேணாம் அங்கிள், பாஸ்போர்ட் குடுங்க. அடுத்தவங்களோடத யாரும் வச்சுக்கக் கூடாதாம், விசாரிச்சுட்டேன்." குரல் நடுங்கவே இல்லை, சபாஷ். "உனக்கு எவ்ளோ செஞ்சேன்..." "செஞ்சீங்க அங்கிள், இல்லேன்னு சொல்லல. குடுங்க." முகம் சுருங்கியது, உள்ளே போனார், கொண்டுவந்து நீட்டினார்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்."

காரை எடுத்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன், பக்கத்து சீட்டில் என் பாஸ்போர்ட்... எதற்குத் தேங்க்ஸ்? ரசத்துக்கா, என்னுடையதை எனக்கே கொடுத்ததற்கா? திங்கட்கிழமை டெனிஸ் கேட்பாள், எல்லாவற்றையும் சொல்லுவேன், இதை மட்டும்...