வெலின் போட்ட தட்டைக் கூரை

ரொடோப் மலையில் இருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் வெலின். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும்; கேட்காவிட்டாலும் இருக்கும். ஓய்வு பெற்ற இலையுதிர் காலத்தில் கோழி வளர்க்கும் ஆசை வந்தது. வீட்டுக்குப் பின்னால் எட்டடி அகலம், இருபதடி நீளத்துக்குக் கம்பிவலை அடைப்பு ஒன்று கட்டினார். பருந்து இறங்காமலிருக்க மேலேயும் வலை போட்டார். அதைத் தாங்க ஆறடிக்கு ஒன்றாக மெல்லிய கைமரங்கள். கூரை மேசைபோலத் தட்டையாக இருந்தது.

பக்கத்து வீட்டு சென்கா வேலி மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து கோழிகளோடு இருப்பவள்.

"வாத்தியாரே, கூரைக்கு வாட்டமே இல்லையே? பனி வந்து உக்காந்து சாப்பிடறதுக்கா?"

"பனி வலையோட ஓட்டை வழியா கீழ விழுந்துடும், சென்கா. கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கேன்."

"கைமரமும் எட்ட எட்ட இருக்கே. எங்க கோழிக்கூரையப் பாருங்க, ஆடு ஏறினா வழுக்கி விழும்."

"உங்களுது சர்ச் கோபுரம் மாதிரில்ல இருக்கு. கோழி என்ன, பூசையா பண்ணப் போவுது?"

சென்காவே சிரித்துவிட்டாள். வெலினின் மனைவி ஜிவ்கா சிரிக்கவில்லை. கொட்டகையில் நல்ல மரம் சும்மா கிடக்கிறதே, இன்னும் நாலு சட்டம் போட்டால் என்ன என்று கேட்டாள். அது தோட்டத்துப் பெஞ்சுக்கு எடுத்துவைத்த மரம். அவள் வாயை அடைக்க, அடைப்பின் நடுவில் ஒரு கட்டையை லேசாக மண்ணில் ஊன்றிக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். மேலே ஆணிகூட அடிக்கவில்லை.

டிசம்பரிலும் ஜனவரியிலும் பொடிப்பனிதான் பெய்தது. மாவு சலித்த மாதிரி வலை வழியாக இறங்கியது. வெலின் கடைக்குப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

மார்ச் மாதம் பல் பிடுங்க ஜிவ்காவையும் கூட்டிக்கொண்டு ஸ்மோல்யன் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் கோழிகளைப் பார்த்துக்கொள்வதாக சென்கா சொன்னாள். முதல் நாள் ராத்திரி முழுக்க ஈரப்பனி. அது வலையில் ஒட்டியது, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது, அதன் மேல் முழ உயரத்துக்கு ஏறிக்கொண்டது. மறுநாள் காலை தீவன வாளியோடு சென்கா உள்ளே போன நேரம் பார்த்து மொத்தமும் இறங்கியது. கடைக்காரர் ஸ்தோய்மென்னும் இன்னும் இரண்டு பேரும் பனியை வாரித்தள்ளி அவளை வெளியே இழுத்தார்கள். இடது கை எலும்பு முறிந்திருந்தது. மூன்று கோழிகள் செத்திருந்தன.

மத்தியானம் வெலினும் ஜிவ்காவும் வந்து இறங்கியபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். வெலின் நேரே பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தார். முட்டுக்கு இரண்டு பக்கமும் கைமரங்கள் ஒடிந்து கிடந்தன. முட்டுக்கட்டை மட்டும் வைத்த இடத்திலேயே நேராக நின்றது.

திரும்பி வந்ததும் ஸ்தோய்மென் கேட்டார்: "எப்படி வாத்தியாரே விழுந்துச்சு?"

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நடுவுல முட்டுக் குடுத்திருந்தேன். சென்கா வாளியால இடிச்சு நகத்திட்டா போல."

இவ்வளவு சுலபமாகத் தன் வாயிலிருந்து அது வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஸ்தோய்மென் தலையாட்டினார். சென்காவை இழுத்த அவசரத்தில் முட்டை யாரும் கவனித்திருக்கவில்லை; மறுபடி பின்கட்டுக்குப் போய்ப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்கா வந்தாள். ஒரு கையில் மாவுக்கட்டு. மறு கையில் அட்டைப்பெட்டி. அதற்குள் அவளுடைய பழுப்புக் கோழிகள் இரண்டு.

"ஸ்தோய்மென் சொன்னாரு. வாளி பட்டுச்சா இல்லையான்னு எனக்கு நெனப்பு வரல. பட்டுத்தான் இருக்கும். இப்பதான் முட்டையிட ஆரம்பிச்சிருக்கு, வச்சுக்குங்க."

வெலின் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"பரவாயில்ல சென்கா, விடு. நடக்கறதுதான்."

கதவைச் சாத்தியதும் ஜிவ்கா திரும்பினாள். அவளும் அந்த முட்டுக்கட்டையைப் பார்த்திருந்தாள். "அவள மன்னிச்சு வேற அனுப்பிட்டீங்க" என்றாள்.

அந்த 'பரவாயில்ல' அவரைப் பிடித்துக்கொண்டது. பொய்யையாவது பயத்தில் சொன்னதாகச் சமாதானம் செய்துகொள்ளலாம். மன்னித்ததை என்னவென்று சொல்வது? அந்தக் கோழிகள் இட்ட முட்டையை அவர் தொடவேயில்லை. வேலிப்பக்கம் மாவுக்கட்டு தெரிந்தால் வீட்டுக்குள் போய்விடுவார்.

கூரை விழுந்த பத்தாம் நாள் காலை, ரொட்டி வண்டி வரும் நேரத்தில், அந்தக் கோழிகளை அதே அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சென்காவும் இருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்த முட்டு விழவே இல்ல. இன்னும் அங்கதான் நிக்குது, போய்ப் பாருங்க. ஒடிஞ்சது நான் போட்ட கைமரம். சென்கா எதையும் இடிக்கல. அது தெரிஞ்சுதான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

ஸ்தோய்மென் குனிந்து, ஏற்கெனவே வெட்டிய வெண்ணெய்க்கட்டியை மறுபடி வெட்டினார்.

"பத்து நாளா யோசிச்சிருக்கேன்" என்றாள் சென்கா. "வாளி எந்தக் கையில இருந்துச்சு, எந்தப் பக்கம் திரும்பினேன்னு. எனக்கு வயசாயிடுச்சோன்னு பயந்துட்டேன். நீங்க என்னடான்னா என் கோழிய வாங்கி வச்சுக்கிட்டீங்க."

"தப்புதான்."

"வீட்டுல கொண்டுபோய் விடுங்க. ஒத்தக் கையால ரொட்டியும் தூக்கி இதையும் தூக்க முடியாது."

அவள் முன்னால் நடந்தாள். பெட்டியைச் சுமந்துகொண்டு தெரு நெடுக அவர் பின்னால் போனார். சன்னல்களில் முகங்கள் தெரிந்தன. கோழிகளை முற்றத்தில் விட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரலில் அடைப்பை முழுக்கப் பிரித்துக் கட்டினார். முன்பக்கம் எட்டடி உயரம், பின்பக்கம் நாலடி என்று வாட்டம் கொடுத்தார். பெஞ்சுக்கு வைத்த மரத்தை எடுத்து ஒன்றரை அடிக்கு ஒரு கைமரம் போட்டார். மேலே பலகை, அதன் மேல் தகரம். மூலைகளில் குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடித்தார். பனி வழுக்கி, கதவுப்பக்கம் வராமல் பின்னால் விழும். ஜிவ்கா பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மார்ச்சிலும் ஈரப்பனி வந்தது. தகரத்தில் கொஞ்சம் தங்கி, பிறகு மொத்தமாகச் சரிந்து விழுந்தது. கூரை அசையவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. சென்கா தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வாள், கை தேவலையா என்று ஜிவ்கா கேட்டால் நின்று பேசுவாள். அந்த மாதம் தன் தங்கை வீட்டு ஞானஸ்நானத்துக்கு ஜிவ்கா தனியாகத்தான் போனாள். இரண்டு நாள் கோழிகளைப் பார்த்துக்கொள் என்று சென்காவிடம் போய்க் கேட்க வெலினுக்கு வாய் வரவில்லை.