காந்தல் பிடிக்காத சட்டி

"அப்ப புகை எங்க போச்சு? அதைத்தானே கேக்குறேன்."

"உங்க மூக்குக்குள்ளதான் போச்சு தலைவரே. நாப்பது வருஷமா சுங்கான் புடிக்கிற மூக்கு. அதுக்கு வேற புகை எப்படி உறைக்கும்?" என்றான் ஹவுசி.

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மார்லீஸும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வாயிலிருந்த ரொட்டித் துண்டை மெதுவாக மென்று பார்த்தாள். தலைவர் கோட்ஃப்ரீட் கேட்டது சரிதான். உருகிய சீஸில் புகை வாசனை இல்லை.

அது அவள் செய்த சீஸ். ரோட்டன்எக் மேய்ச்சல் மலையில் கோடை முழுக்க, விடியுமுன் எழுந்து, செப்புக் கொப்பரையில் பாலை ஊற்றி, விறகடுப்பில் காய்ச்சி, நாற்பத்தோரு சீஸ் வட்டுகள் பிடித்திருந்தாள். புகைபோக்கி இல்லாத அடுப்பில் வேகும் பாலில் புகை எப்படியும் இறங்கிவிடும். செப்டம்பரில் மாடுகளோடு கீழே இறங்கியதும் அத்தனை வட்டுகளையும் அண்ணன் வெர்னரின் விடுதி நிலவறையில் அடுக்கி, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடமே விட்டாள். பள்ளத்தாக்கில் அந்த அளவுக்குக் குளிர்ச்சியான நிலவறை வேறு இல்லை. நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாள் ஞாயிறுவரை அந்த ஆண்டின் வட்டில் யாரும் கத்தி வைக்கக்கூடாது என்பது வழக்கம். அன்று மதியம் மலைச் சங்கத்தார் ஏழு பேரும் வெர்னரின் 'மலையாடு' விடுதிக்கு வந்து, முதல் வட்டைச் சட்டியில் உருக்கி, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, சட்டி காலியானதும் கைதூக்கி முடிவு செய்வார்கள், அடுத்த மூன்று ஆண்டு மலை யாருக்கு என்று. இது அந்த மூன்றாவது ஆண்டு. கோட்ஃப்ரீட்டின் அக்கா மகன் ஒருவனும் இந்த முறை மலையைக் கேட்டிருந்தான்.

"ஹவுசி, உன் ரொட்டி சட்டிக்குள்ள விழுந்துடுச்சு பாரு. எல்லாருக்கும் ஒரு சுத்து ஒயின் உன் கணக்குல!"

"விழல, நீச்சல் அடிக்கப் போயிருக்கு," என்றான் ஹவுசி. பள்ளத்தாக்கில் அவன் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

மார்லீஸ் தலைக்கு மேலிருந்த உத்தரத்தைப் பார்த்தாள். 1687 என்று செதுக்கிய எண்களில் கரி படிந்து கிடந்தது. அவளும் வெர்னரும் பிறந்தது இந்தக் கூடத்துக்கு மேலே உள்ள அறையில். மேசையில் கிடந்த உணவு அட்டையில் அண்ணன் கையால் எழுதியிருந்தது: 'என் தங்கை மார்லீஸ் ரோட்டன்எக் மலையில் விறகடுப்பில் காய்ச்சிய சீஸ்.' அந்த வரியை எத்தனையோ தடவை ரகசியமாகப் படித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"சரி சரி, சட்டி காலி. காந்தலைச் சுரண்டிக் குடும்மா," என்றார் கோட்ஃப்ரீட். "அதுல எல்லாம் தெரிஞ்சுடும்."

கடைசிக் காந்தலைச் சுரண்டிப் பங்கு வைப்பது சீஸ் செய்தவரின் உரிமை. அவளுடைய சீஸ் என்றால் சட்டியின் அடியில் பொன்னிறமாகத் தோல் கட்டும். கத்தியை ஓரத்தில் விட்டு நெம்பினால் ஒரே வட்டமாகக் கிளம்பி வந்து, கையில் எடுத்தால் மொறுமொறுவென்று உடையும். மார்லீஸ் கத்தியை விட்டு நெம்பினாள். வெளுத்த பசை மாதிரி ஏதோ ஒன்று கத்தியில் இழுபட்டது. மறுபடி நெம்பினாள். மாவு கரைத்த கஞ்சியைப் போல அது சட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஹவுசி முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இன்னொரு சட்டி வைக்கச் சொல்றேன்," என்று எழுந்தாள். சமையலறைக்குப் போகாமல் நிலவறைப் படியில் இறங்கினாள்.

விளக்கைப் போட்டாள். பலகைகள் வெறுமையாக இருந்தன. வட்டுகள் உட்கார்ந்திருந்த இடங்களில் ஈரக்கறை மட்டும் வட்ட வட்டமாக, நாற்பத்தொன்று. பலகை ஓரத்தில் அவள் சுண்ணக்கட்டியால் எழுதிய தேதிகள் அப்படியே இருந்தன. ஜூன் இருபத்திநாலு அன்று இடி விழுந்து ஒரு பசு செத்தது. அன்றைக்கும் அடுப்பை அணையவிடாமல் ஒரு வட்டு பிடித்திருந்தாள். மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்று திறந்திருந்தது. உள்ளே வெள்ளிநிறப் பொட்டலங்களில் ஆலை சீஸ். சூடாக்கினால் போதும், ஒயின்கூடச் சேர்த்திருக்கிறது என்று போட்டிருந்தது.

படியில் காலடி கேட்டது. வெர்னர், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து நின்றான்.

"எப்ப?" என்றாள்.

"அக்டோபர்ல. சூரிச்லேர்ந்து ஒரு பெரிய ஹோட்டல்காரன் வந்தான். மொத்தமா வேணும்னான்."

"மார்ட்டின் நாளைக்கு முன்னாடியே கத்தி வெச்சியா?"

"நான் வெக்கல. வட்டு வட்டாத்தான் கொடுத்தேன்."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ நியாயம் இருப்பதுபோல இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னைக்கு ஒண்ணு வேணும்னு உனக்குத் தெரியாதா அண்ணா? ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணு வெச்சிருந்தேன், சத்தியமா. போன வாரம் அந்தாள் திரும்பிப் போன் பண்ணினான், அதையும் கொடுத்துட்டேன். இவங்க வருஷத்துல ஒரு நாள் சாப்பிடுறவங்க, கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். தினமும் வந்து இதையே சாப்பிடுறவன் ஒருத்தனும் கண்டுபிடிக்கலையே."

"மேல அட்டையில என் பேரு இருக்கு."

"அட்டையை மாத்தினா கேப்பாங்களே."

மார்லீஸ் அவனைத் தாண்டி மேலே ஏறினாள். ஒருவேளை அவன் அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் கணக்காக ஒவ்வொரு விளக்காக அணைத்துவிட்டுப் பின்னால் வந்தான்.

கூடத்துக்குத் திரும்பினாள். கோட்ஃப்ரீட் காந்தலில்லாத சட்டியைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு மார்லீஸ். நான் மருமகனுக்காகப் பேசுறேன்னு நினைச்சுக்காதே. மூணு வருஷத்துக்கு முன்னாடி உனக்காக முதல்ல கையைத் தூக்கினவன் நான். இது என்ன? அடுப்பைப் பார்த்துக்காம விட்டுட்டியா? இல்ல ஆள் வெச்சுச் செஞ்சியா? கை தூக்குறதுக்கு முன்னாடி உன் வாயால கேட்டுடணும்."

ஏழு முகங்களும் அவளைப் பார்த்தன. உண்மையைச் சொன்னால் இந்தக் கூடத்துக்குள் இந்தப் பள்ளத்தாக்கின் கால்கள் இனி நுழையாது. இந்த உத்தரத்தின் கீழ் அவள் அண்ணன் தனியாக நிற்பான். சொல்லாவிட்டால் அடுத்த ஜூனில் ரோட்டன்எக் குடிசையின் சாவி வேறொருவன் இடுப்பில் இருக்கும்.

வெர்னர் ஒயின் குடுவையோடு வந்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டுக் கடைசியில் அவள் பக்கம் வந்தான். குனிந்து ஊற்றுகிறவன்போல, சின்ன வயதில் உணவு மேசையில் ரகசியம் சொல்லும்போது செய்வதைப் போலவே, அவள் காதருகே வாயைக் கொண்டுவந்தான்.

"மழை ஜாஸ்தி, விறகு நனைஞ்சு பத்தல, கேஸ் அடுப்புல காய்ச்சினேன், இந்த வருஷம் சரியா வரலன்னு சொல்லிடு மார்லீஸ். அவ்வளவுதான். எனக்காக."