மாதாவின் ஒளிவட்டமும் நோரோன்யா வீட்டுக் கஞ்சியும்

எங்கள் ஊர்க் கோயிலில் மாதாவுக்கு உடுத்திவிடும் உரிமை நோரோன்யா வீட்டாருக்குத்தான். யார் கொடுத்த உரிமை என்று கேட்டால் போர்த்துகீசியர் காலத்தைக் கை காட்டுவார்கள். போர்த்துகீசியர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மாதாவின் துணி அலமாரிச் சாவி மட்டும் அந்த வீட்டு எஜமானி தோனா எர்மெலிண்டா நோரோன்யாவின் கழுத்துச் சங்கிலியில் தங்கிவிட்டது.

உடுத்துவதில் பெரிய காரியம் ஒளிவட்டம். குரோஷா ஊசியால் பின்னிய வெள்ளை நூல் வட்டம், மாதாவின் தலைக்குப் பின்னால் பொரித்த அப்பளம்போல் விறைத்து நிற்க வேண்டும். திருவிழா வருவதோ ஆகஸ்ட் மழையில். போன வருடம் தோனா சர்க்கரைப் பாகில் முக்கி விறைப்பேற்றினார். லிஸ்பனில் இருக்கும் சித்தி மகள் சொன்ன முறையாம். லிஸ்பனில் எறும்பு இல்லையோ என்னவோ, எங்கள் சால்செட்டில் உண்டு. நவநாள் ஜெபத்தின் நடுவில் ஒரு படை மாதாவின் கன்னத்தில் ஏறி இறங்கியது. மாதா பொறுத்துக்கொண்டாள். பங்குச் சாமியார் அனாக்ளேத் பொறுத்துக்கொள்ளவில்லை.

"இந்த வருஷம் ஊர்வலம் முடிஞ்சு பீடத்துக்குத் திரும்புற வரைக்கும் ஒளிவட்டம் நிமிர்ந்து நிக்கணும், தோனா," என்றார். "நிக்கலேன்னா சாவி ஊர்ப் பொம்பளைங்க கைக்குப் போகும்."

ஊர்ப் பொம்பளைங்க என்றால் பொஸ்தியானா. குவைத்தில் ஒரு ஷேக் வீட்டில் பல வருடம் சமைத்துப் போட்டுவிட்டு வந்தவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. அவளும் ஒரு வட்டம் பின்னி வைத்திருந்தாள். தச்சன் கடை வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் தாள் போர்த்திய தெர்மோகோல் பலகையில் குண்டூசி குத்தி இழுத்து, மின்விசிறியடியில் காயவைத்தது. தட்டினால் தட்டுபோல் சத்தம் வந்தது.

சேதி தோனாவின் காதுக்கும் எட்டியது. "மேசைக்கால் ஒட்டுற பசையை மாதா தலையில வைப்பாளாம். நாளைக்கு ஆணியும் அடிப்பா."

தோனாவின் ஞானம் இம்முறை கஞ்சியில் வந்து இறங்கியது. மாதர் சங்கத்தைக் கூட்டி, கஞ்சியே நம் பரம்பரை என்று பேசினார். பேச்சு முடிவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். விருந்தாளி இருக்கும் நாளில் கஞ்சி என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. மற்ற நாட்களில் பதினோரு மணிக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மாங்காய் ஊறுகாயோடு தோனா உறிஞ்சுவது ஊரறிந்த ரகசியம்.

சமையல்காரி பியேதாத் அரிசியைக் குழைய வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினாள். மேற்பார்வைக்கு வந்த தோனா கரண்டியை எடுத்தார். கஞ்சியைக் கண்டதும் கைக்குப் பழக்கம். ஒரு வாய் ருசி பார்த்து முகம் சுளித்தார்.

"என்னடி இது, சப்புன்னு இருக்கு?"

"தின்னவா போறோம், தோனா? துணிக்குத்தானே."

"துணிக்குன்னா என்னடி? நோரோன்யா அடுப்புலேருந்து உப்பில்லாத கஞ்சி இதுவரைக்கும் எறங்கினதில்ல. போடு."

பியேதாத் போட்டாள்.

"பிச்சைக்காரிக்குப் போடற மாதிரி போடாதே. கை நிறையப் போடு."

ஆகஸ்டில் எங்கள் ஊரில் உப்பு ஜாடிக்குள்ளேயே கசிந்து தண்ணீராய் நிற்கும். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும் இது. கஞ்சியைப் பற்றிச் சொற்பொழிவு செய்தவருக்கு அது சமையற்கட்டுச் சமாச்சாரம், தம் அந்தஸ்துக்குக் கீழே. கஞ்சியில் தோய்ந்த வட்டத்தைக் கவிழ்த்த பீங்கான் தட்டில் விரித்து, கரியடுப்புப் பக்கத்தில் உலர்த்தினார்கள். நன்றாகத்தான் விறைத்தது. தோனா சுண்டிப் பார்த்துச் சிரித்தார். "குவைத்துல கத்துக்குடுப்பாங்களா இதை?"

ஊர்வலத்தன்று மழைகூடப் பெய்யவில்லை. ஈரக்காற்று மட்டும். கோயில் வாசலில் நிமிர்ந்திருந்த ஒளிவட்டம், பேக்கரி முனையில் திரும்புவதற்குள் யோசனையில் ஆழ்ந்தது. கல் சிலுவையடியில் அதன் மேல் விளிம்பு முன்னால் சரிந்து மாதாவின் நெற்றியைத் தொட்டது. குளக்கரையில் மூக்குவரை வந்துவிட்டது. மாதா முக்காடு போட்ட மருமகள்போல் பீடத்துக்குத் திரும்பினாள்.

"தூக்கினவங்க எருமை மாதிரி நடந்தாங்க, ஃபாதர்," என்றார் தோனா.

"நாங்க எருமைன்னா, நேத்து வரைக்கும் உங்க வயல்ல உழுதது யாரு தோனா?" என்றான் பல்லக்குத் தூக்கிய ஒருவன்.

பொஸ்தியானா யாரையும் கேட்கவில்லை. கிட்டப் போய்ப் பின்னலைத் தொட்டாள். பிசுபிசுத்த விரலை நாக்கில் வைத்தாள்.

"ருசியாத்தான் இருக்கு ஃபாதர். ஊறுகாய்தான் கொண்டாரல."

சாமியாரும் விரலை வைத்துப் பார்த்தார். "உப்பு யாரு போட்டது?"

பியேதாத் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் பழியைப் போட்டிருந்தால் தோனா தப்பியிருக்கலாம். ஆனால் தம் வீட்டில் தம் உத்தரவில்லாமல் ஒரு கல் உப்பு விழுந்தது என்று ஒத்துக்கொள்வது சாவியை இழப்பதைவிடக் கேவலம்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றார், தலையை நிமிர்த்தி. அந்தக் கோயிலில் விறைத்து நின்றது அது ஒன்றுதான்.

சாமியார் கையை நீட்டினார். தோனா சங்கிலியைக் கழற்றி, பிரசாதம் தருவதுபோல் சாவியைப் பொஸ்தியானாவின் கையில் வைத்தார். "மூட்டுவலி குறையற வரைக்கும் வச்சுக்கோ," என்றார். அவருக்கு மூட்டுவலி இருந்ததாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிறே 'அலமாரியின் கௌரவக் காப்பாளர்' என்று தாமே சூட்டிக்கொண்ட பட்டத்தோடு தோனா வந்துவிட்டார். செலவில்லாத பட்டம் என்பதால் சாமியார் தலையாட்டினார். இப்போதெல்லாம் மாதாவுக்கு உடுத்தும்போது தோனாவுக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள்.

"வட்டம் கொஞ்சம் இடது பக்கம்," என்கிறார்.

"சரிங்க தோனா," என்கிறாள் பொஸ்தியானா. வட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"ஆங், இப்ப சரி," என்கிறார் தோனா.