பிரவீனாவின் கதாநாயகன்

டில்லிபாபு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அன்று ஷிஃப்ட் முடிந்து பென்னலூர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி பிரவீனாவின் போனில் ஓர் ஆண் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யாரு இவன்?"

"இளமாறன். என் தொடர்கதை ஹீரோ. ஆளு எப்பிடி இருப்பான்னு எழுதுனா ஏஐ படம் போட்டுக் குடுக்குது. முகம் தெரிஞ்சா எழுதறதுக்கு சுளுவா கீது."

போனிலேயே அவள் எழுதும் கதைகளை ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேர் படித்தார்கள். டில்லிபாபுவுக்கு அதில் பெருமைதான். ஆனால் இந்த முகம் உறுத்தியது. இல்லாத ஆள் என்று புத்திக்குத் தெரிந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. தினமும் சாயங்காலம் அவள் அவனைத் திருத்தினாள். "கண்ணுல இன்னும் கொஞ்சம் களைப்பு வேணும்" என்பாள். "தாடை இவ்ளோ கூரா வேணாம்" என்பாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். தன் முகத்தை அவள் இப்படி எப்போது பார்த்தாள் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து போனை எடுத்தான். 'வழுக்கைத் தலை. பெரிய தொப்பை. முன்பல் இல்லை' என்று தட்டினான். படம் வந்தது. பல்லில்லாமலும் அந்தப் பாவி அழகாகத்தான் சிரித்தான்.

ஈரத்தலையோடு வந்த பிரவீனா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஏன்யா, இல்லாத ஆளாண்டயா மல்லுக்கு நிக்கிற?"

"அவனைப் பாக்குற மாதிரி என்னை ஒரு நாளாச்சும் பாத்து கீறியா நீ?"

அவள் சிரிப்பு நின்றது. அவனை ஜன்னல் பக்கம் இழுத்து உட்கார வைத்தாள். எதிரே உட்கார்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இடது புருவம் நடுவுல அறுந்து கீது" என்றாள் மெதுவாக. "யோசிக்கிறப்போ கீழுதட்டைக் கடிச்சிக்கிற. பொய் சொன்னா மொதல்ல காதுதான் செவக்குது."

டில்லிபாபு தரையைப் பார்த்தான். இத்தனை நாள் ஏங்கிய பார்வையைத் தாங்க முடியாமல் கூச்சமாக இருந்தது.

அவள் கை போனுக்குப் போனது. "அந்தப் புருவத்தை இளமாறனுக்குக் குடுத்துரட்டா? சூப்பரா இருக்கும்."

"குடுக்காத. அது என்னுது."

"சரி, காது?"

"அதுவும்தான்" என்றான் டில்லிபாபு. அவன் சிரிக்கவில்லை.