பாக்கியநாதன் விழுங்கிய சொற்கள்

புற்றுநோய்க்காக லீனாவின் குரல்பெட்டியை எடுத்த மறுநாள் காலை, அவளுடைய குரல் அவள் கணவர் பாக்கியநாதனின் வாயிலிருந்து வந்தது. "தலகாணிய கொஞ்சம் ஏத்தி வைங்க" என்பதுதான் முதலில் வந்தது. கட்டிலருகே நின்ற நர்ஸ் சலேஹா, பெண் குரல் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். பாக்கியநாதன் தலையணையை ஏற்றி வைத்தார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜ் டவுனில் இருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டில் மனைவியோடு உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் லீனா மூச்சு விட்டாள். அதில் கட்டும் சளியை எடுக்கவும் குழாயைக் கழுவி மாட்டவும் சலேஹாவிடம் கற்றுக்கொண்டார். கஞ்சியை அரைத்து, இரண்டு முறை வடிகட்டிக் கொடுத்தார். நாற்காலியில் அவளைச் சாய்த்து, துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமல் தலைக்கு ஊற்றினார். அவர் பாசாருக்குப் போனாலும் குரல் கூடவே போயிற்று. லீனா வீட்டில் படுத்தபடி நினைப்பாள், மீன் கடையில் அவர் வாய் பேரம் பேசும். மீன்காரி ருக்குமணி, அவர் மீசையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, உடம்புதான் எளைச்சிருச்சு. நாக்கு எளைக்கவே இல்ல லா" என்பாள். கூட வேலை செய்த பிரையன் ஒருநாள் தேநீர்க் கடையில் கேட்டான்: "அண்ணே, உங்க வாயில அக்கா குடி வந்துட்டாங்க. வாடகை வாங்குறீங்களா?"

"அவ வீட்டுல அவ இருக்கா. உனக்கென்ன, டீய குடி" என்றார் தன் சொந்தக் குரலில்.

ஒன்றே ஒன்றுதான் தகராறு, கண்ணுகளா. தனக்காக அவர் செய்வதையெல்லாம் நாலு பேர் காதில் போட வேண்டும் என்று லீனாவுக்கு ஆசை. அவரோ, அவரைப் பற்றிய நல்ல சொல் ஒன்று தொண்டையில் ஏறி வந்தால், நாக்கை மடித்து அடைத்து விழுங்கிவிடுவார். தன்னைத் தானே புகழ்வதாவது, சீ, என்று கூச்சம். லீனா கோபத்தில் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். எழுதிக் காட்டலாம்தான். எழுதினால் அவர் ஒருவர்தான் படிப்பார், படித்துக் கிழித்துவிடுவார். விழுங்கிய சொற்கள் செரிக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் வயிறு பானை போல ஆயிற்று. கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "உள்ளே ஒன்றுமில்லை, பேச்சுதான் கட்டியிருக்கிறது, வெளியே விடுங்கள்" என்றார். பாக்கியநாதன் தலையாட்டிவிட்டுப் பெரிய கால்சட்டை வாங்கிக்கொண்டார்.

லீனா எழுந்து நடக்கத் தொடங்கியதும், அறுவைக்குப் பிறகு இருவரும் முதல் முறையாக ஞாயிறு பூசைக்குப் போனார்கள். பாக்கியநாதன் பழைய ஆள். நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்குவதில்லை, நாக்கில்தான் வாங்குவார். நாக்கை நீட்டினால் அடைப்பு திறந்துவிடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. பின்னால் நின்ற லீனா யோசித்திருந்தாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் ஃபாதர். பாக்கியநாதன் ஆமென் சொல்லி நாக்கை நீட்டினார். கோவில் முழுக்க லீனாவின் குரல் கேட்டது.

"இந்த மனுசன் ரெண்டு வருசமா உக்காந்துகிட்டே தூங்குறாரு, என் மூச்சு சத்தம் மாறுனா எழுந்திரிக்கணும்னு. சொந்தக்காரங்க என் கழுத்த பாத்து மொகத்த திருப்பிகிட்டாங்க. இவரு தெனமும் அந்த ஓட்டைய தொடச்சிட்டு, இன்னிக்கு நல்லா இருக்கு லீனான்னுவாரு. இவரு கஞ்சியில உப்பே இருக்காது, அதயும் சொல்லிடுறேன். ஆனா என்ன ஒரு நாளும் நோயாளின்னு கூப்பிட்டதில்ல. இவரு என் புருசன். எல்லாரும் நல்லா பாத்துக்குங்க."

இன்னும் நிறைய வந்தது. வரவர வயிறு இறங்கியது. அவர் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டதால் வாயைப் பொத்த முடியவில்லை. ஃபாதர் அப்பத்தை ஏந்தியபடி பொறுமையாகக் காத்திருந்தார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. லீனா கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு, துளை தெரிய, தலை நிமிர்ந்து நின்றாள்.

பேச்சு முடிந்ததும் ஃபாதர் அவர் நாக்கில் அப்பத்தை வைத்தார். அவர் கால்சட்டையைப் பிடித்தபடி தன் இடத்துக்கு நடந்தார். அடுத்தது லீனா. "கிறிஸ்துவின் திருவுடல்." பாதி வழியில் பாக்கியநாதன் நின்று திரும்பி, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அவளுடைய குரலில் "ஆமென்" என்றார். ஃபாதர் லீனாவுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து வந்தவரைப் பார்த்தார்.