ஹெட்லைட்டுக்குள் பதினான்கு நாடா

“அண்ணே, இதைப் பாருங்க. ஒரு தடவை ‘டிக்’குனு மாட்டிட்டா ஆயுசுக்கும் கழட்ட வேண்டாம்.”

“கழட்டவே வேண்டாம்னா அப்புறம் எனக்கு வண்டியில என்னடா வேலை?”

“ஓட்டுறதுதான் வேலை. வேற என்ன, மடியில போட்டுத் தாலாட்டுறதா?”

சகலைகள் இரண்டு பேரும் இப்படிப் பேசிக்கொண்டால்தான் அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மூத்த சகலை முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். இளைய சகலை வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர். நடுவில் ஸ்டாண்டு போட்டு நின்றது டிரைவரின் மோட்டார் சைக்கிள், அவருடைய கல்யாணத்தைவிட இரண்டு வயது மூத்தது. தொட்டால் உதிர்கிற பழைய வயர்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தாயிற்று. இனி முனைகளைச் சேர்க்க வேண்டும். எதை வைத்துச் சேர்ப்பது என்பதில்தான் மூன்று நாளாக இழுபறி.

இளைய சகலைக்குப் பிடித்தது கப்ளர். இரண்டு பாதியாக இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. சேர்த்து அழுத்தினால் ஒரு பல் பூட்டிக்கொள்ளும். தண்ணீர் இறங்காது, தப்பாக மாட்டவும் முடியாது. டிரைவர் கேட்டது வண்டியோடு வந்த பழைய ரகம், புல்லட் கனெக்டர். உருண்டை முனை வைத்த பித்தளைக் குச்சி ஒன்று, அதை வாங்கிக்கொள்ளும் குழாய் ஒன்று. அவ்வளவுதான்.

“பழைய வண்டிக்குப் பழசுதான் மரியாதை,” என்றார் டிரைவர்.

“மழையில நடுரோட்டுல நின்னா மரியாதையா தள்ளிக்கிட்டு வரணும். முதல்ல கையில எடுத்துக் கழட்டிப் பாருங்கண்ணே. அப்புறம் பேசுங்க.”

டிரைவர் கப்ளரை வாங்கிக்கொண்டு வெளிச்சம் வேண்டும் என்பதுபோல வாசல் பக்கம் திரும்பி நின்றார். அப்போதுதான் சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மனைவி படியேறி வந்தாள். தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிற டெய்லர் அவள். அவர் கப்ளரைப் பல்லில் கடித்து இழுத்ததை அவள் மட்டும் பார்த்தாள்.

வரவில்லை. எச்சிலைச் சட்டையில் துடைத்துவிட்டு மேஜையில் வைத்தார்.

“வேலை உசத்தியாத்தான் இருக்கு, சகல. வண்டிய நீயே வச்சுக்க.”

“ஆரம்பிச்சிட்டாரு! அண்ணி, உங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டாரு பாருங்க.”

“கோவமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்க. சாவி வீட்டுல இருக்கு.”

சகலை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் டிரைவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதால் பேச்சு வந்தது, நடை வந்தது, கைப்பிடியும் வந்தது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனி உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை. பருப்பும் கல்லும் அந்த நுனிக்கு ஒன்றுதான். இது வீட்டைத் தாண்டிப் போகவில்லை. சட்டைப் பட்டனோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, எல்லாச் சட்டையிலும் பட்டனை மேலே பேருக்கு நிறுத்தி, அடியில் அழுத்தினால் ஒட்டுகிற பிரஸ் பட்டனைத் தைத்து வைத்தாள். அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“எப்படி?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்க வண்டிய யார் கேட்டா?”

“வழியில லைட்டு நின்னா இறங்கி ஒரு வயரைக் கழட்டி மாட்டத் துப்பில்லாதவனுக்கு வண்டி எதுக்கு?”

“தம்பிகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டாத்தான் என்ன? அவன் என்ன அந்நியனா?”

“சொன்னேன்னா அவன் என்ன செய்வான் தெரியுமா? ‘நீங்க உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்’ம்பான். நல்லவன். அதான் வேண்டாங்கறேன். நீ சொல்லக் கூடாது, ஆமா.”

“நான் எதுக்குச் சொல்றேன்,” என்றாள் அவள்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மருந்துப் பிளாஸ்திரியைக் கனமாகச் சுற்றியிருந்தாள்.

“என்ன அண்ணி, விரல்ல?”

“ஊசி குத்திருச்சு. அந்த டப்பாவைக் கொஞ்சம் எடு தம்பி.”

“கனெக்டர் டப்பாவா? ஜாக்கெட்டுக்கு வைக்கவா?”

“உன் பொண்டாட்டி ஜாக்கெட்டுக்குத்தான். அவளும் ஒரு தடவை மாட்டினா கழட்டக் கூடாதுன்னு கேட்டா. எடு.”

டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கப்ளர். இடது கையால் பல்லை அழுத்தினால் மற்றப் பாதியை வலது நுனியால் பிடித்து இழுக்க வேண்டும். பிடிக்க இடம் அரை விரல் அகலம்தான். வழுக்கியது. மறுபடி வழுக்கியது. தட்டையான ரகத்தை எடுத்தாள். அது ஒருக்களித்துக்கொண்டு உள்ளேயே போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கப்ளருக்கே திரும்பி வந்தாள்.

சகலை முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு அவள் விரலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், நேற்று டிரைவர் திரும்பி நின்ற வாசலைப் பார்த்தார். அந்தக் கப்ளரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஓரத்தில் இரண்டு பல் தடம்.

“அண்ணி...”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“நானும் ஒண்ணும் கேக்கல.”

பேட்டரி சார்ஜர் உறுமிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“புல்லட்டே போட்டுடலாம் அண்ணி. பல்லும் இல்ல பூட்டும் இல்ல. நேரா இழுத்தா வரும், உள்ளங்கையால தள்ளினாப் போகும்.”

“இழுக்கப் பிடி வேணுமே?”

“வயரைப் பிடிச்சு இழுத்தா அறுந்துடும். பித்தளையைப் பிடிச்சுத்தான் இழுக்கணும்.”

அவள் பையிலிருந்து நாடாச் சுருளை எடுத்தாள். “பாவாடை ஜிப்புல பிடிச்சு இழுக்க ஒரு துண்டு நாடா மடிச்சுத் தைப்பேன். அந்த மாதிரி பித்தளையோட ஒரு வளையம் வைக்க முடியாதா?”

சகலை தலையைச் சொறிந்தார். “ஸ்லீவ் போடுவேன்ல, சூடு காட்டினா சுருங்கிக் கவ்விக்கிற குழாய்? அதுக்கு அடியில நாடா நுனியைச் சொருகிட்டுச் சுருக்கிடலாம். அசையாது. உள்ள கொஞ்சம் கிரீஸ் வச்சிட்டாத் தண்ணியும் அண்டாது.”

“எத்தனை வேணும்?”

“ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ள ஏழு ஜோடி. பக்கத்துக்கு ஒண்ணுன்னா பதினாலு. ஆனா அண்ணி, ஏழும் ஒரே அச்சு. எதை எதுல வேணாலும் மாட்டலாம். கலர் முக்கியம்.”

“எனக்கா கலர் சொல்லித் தர்ற?”

சனிக்கிழமை முழுக்கத் தைத்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு, நீலம். ஊதா நாடா தீர்ந்துபோயிருந்தது. ஊதா வயருக்கும் பழுப்பு வயருக்கும் காபிக்கலரையே வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சகலையே வீட்டுக்கு வந்தார்.

“சாவி எடுத்துட்டு வர்றேன், இரு,” என்று எழுந்தார் டிரைவர்.

“சாவி கெடக்கட்டும். நான் தோத்துட்டேண்ணே. பழசே போட்டாச்சு. ஆனா முனையெல்லாம் சேர்க்காம வச்சிருக்கேன். மூணு நாள் சண்டை போட்டீங்கள்ல, நீங்களே வந்து மாட்டுங்க. எனக்கு வேற வேலை இருக்கு.”

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் கூடத்துத் துணிகளை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். ஒரே துண்டை இரண்டாம் தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் ஹெட்லைட்டின் கண்ணாடி கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. டிரைவர் கிண்ணத்துக்குள் குனிந்தார். கலர் கலராக நாடா வளையங்கள். ஒன்றைத் திருப்பினார். அடியில் குட்டியாக ஒரு குறுக்குத் தையல், முடிச்சு வெளியே தெரியாமல். அதே தையல் அவர் சட்டையில் பிரஸ் பட்டனுக்கு அடியிலும் இருந்தது.

“சகல, இதெல்லாம் வண்டியோட வந்ததா?”

“கம்பெனியிலேயே வச்சது. உங்களுக்கு மறந்துபோச்சு.”

“ஓஹோ.”

வளையத்துக்குள் நடுவிரலை விட்டு, மறு கையால் குழாயைப் பிடித்து, உள்ளங்கை மேட்டால் தள்ளினார். ‘டக்.’ சரியாகப் போயிற்றா என்று வளையத்தைச் சுண்டி இழுத்துப் பார்த்தார். வந்தது. மறுபடி தள்ளினார். சகலை ‘வேற வேலை’ என்று எடுத்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழும் சேர்ந்தபோது டிரைவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. அதற்குள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்ற மனைவி நீட்டிய சாவியை வாங்கி வண்டியில் போட்டார்.

“போடட்டுமா?”

“போடுங்க, போடுங்க.”

லைட் சுவிட்சைத் தட்டினார். ‘பாஆஆஆம்’ என்று ஹாரன் அலறியது. டெய்லர் கேரியரைக் கீழே போட்டாள். எதிர்ச் சுவரில் படுத்திருந்த பூனை ஒரே தாவலில் காணாமல் போனது.

“காபிக்கலர்!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சகலை ஸ்பேனரை வைத்துவிட்டுக் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். கை அப்படியே நின்றது.

டிரைவர் நிமிரவில்லை. சுவிட்சை அணைத்தார். காபிக்கலர் வளையம் ஒன்றில் விரலை விட்டு இழுத்தார், வந்தது. இன்னொன்றில் விட்டு இழுத்தார், அதுவும் வந்தது. இரண்டு வயரையும் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, மாற்றி மாட்டித் தள்ளினார். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் சுவிட்சைத் தட்டினார். சகலையின் வயிற்றில் மஞ்சள் வட்டமாக வெளிச்சம் விழுந்தது.

“நாடா தீந்துபோனா டெய்லரு வாங்கணும். வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார் டிரைவர்.

“கம்பெனியிலேயே வச்சதுன்னு இப்பத்தானே சொன்னாங்க?” என்றாள் அவள்.

“அண்ணே, அப்ப வண்டிய நான்...”

“கையை எடுடா.”

கண்ணாடியை மூடியதும் வண்டியை உதைத்தார். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. அவள் கேரியரைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தெருமுனையில் திரும்பும்போது அவர் தலையை லேசாகச் சாய்த்து, காற்றுக்குமேல் கேட்கும்படி சொன்னார்:

“நீலச் சட்டையில ரெண்டாவது பட்டன் அடியில ஒட்ட மாட்டேங்குது. வீட்டுக்குப் போனதும் என்னன்னு பாரு.”